பட்டாளத்துக்காரர் பிடித்த ஸ்ரீரங்கம்

திருச்சி மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கும் கிடைத்துள்ள மிகப் பழைய புகைப்படத் தொகுப்புகளில் ஒன்றை எடுத்தவர் லினேயஸ் டிரைப். அவருக்கு ஸ்டுடியோ கிடையாது, கலைக்கல்லூரிப் படிப்பும் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் 12ஆம் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த அதிகாரி அவர். சம்பளம் வாங்கியது பட்டாளத்தில். கேமராவைத் தூக்கியது முதலில் சொந்த ஆசைக்காக, சொந்தச் செலவில். 1858ல் அவர் எடுத்த திருச்சிப் படங்கள் இன்றைக்கு லண்டன், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் கலைப்பொருளாகப் பாதுகாக்கப்படுகின்றன.

டிரைப் 1822ல் இங்கிலாந்தின் தென்மேற்கில், பிளிமத் துறைமுகத்தை ஒட்டிய டெவன்போர்ட்டில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸின் பெயரை இந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். 1830களின் இறுதியில் கம்பெனிப் படையில் சேர்ந்து, பதினெட்டு வயதை ஒட்டி இந்தியாவுக்குக் கப்பலேறினார். பாரிஸில் தாகேர் தன் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தது 1839ல். ஆக, டிரைப்பின் உத்தியோகமும் புகைப்படக் கலையும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

இந்தியாவில் பத்தாண்டுக்கு மேல் பணி செய்தவர், 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊர் போனார். அங்கேதான் கேமராவைப் பிடித்தார். அதற்கு அது சரியான காலம். காகிதத்தில் நெகட்டிவ் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த டால்பட், 1852ல் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கு மட்டும் பிடியைத் தளர்த்தினார். மறு ஆண்டு லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கப்பட்டது. டிரைப் அதே ஆண்டில் அதில் உறுப்பினரானார். சொந்த ஊர்த் துறைமுகத்தின் கப்பல்களும் கட்டுமானங்களும்தான் அவருடைய ஆரம்பப் படங்கள். அந்தக் காலத்தில் இந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம் ஏது? கைந்நூல்களைப் படித்து, சங்கத்தாரின் அனுபவங்களைக் கேட்டு, தாள்களைக் கெடுத்துக் கெடுத்துத்தான் எல்லோரும் கற்றார்கள்.

1854ல் பெங்களூர் திரும்பியவரிடம் கேமராவும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களுக்குப் போனார். கூடவே டாக்டர் ஆண்ட்ரூ நீல் என்ற ராணுவ மருத்துவர். அவருக்கும் இதே பைத்தியம். அந்தப் பயணத்தில் எடுத்த படங்களில் 68ஐ 1855ல் சென்னையில் நடந்த பெரிய பொருட்காட்சியில் டிரைப் வைத்தார். அதுவரை யாரும் படம் பிடித்திராத கோயில்கள் அவை. நடுவர்கள் முதல் தரப் பதக்கம் கொடுத்தார்கள். விடுப்பில் ஊர் சுற்றிய ஒரு பட்டாளத்துக்காரரின் பெயர் அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது இப்படித்தான்.

அன்றைய படப்பிடிப்பு என்றால் என்னவென்று தெரிந்தால்தான் இந்த மனிதர் செய்ததன் அளவு பிடிபடும். பிலிம் கிடையாது. டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். நல்ல மெல்லிய தாளை எடுத்து, உருக்கிய வெள்ளை மெழுகை ஊட்டி, இஸ்திரி போட்டு அதைக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி ஆக்க வேண்டும். பிறகு அயோடைடு உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். அடுத்த கட்டம் இருட்டில்: சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கினால்தான் தாளுக்கு ஒளியை உணரும் சக்தி வரும். படம் எடுத்தபின் காலிக் அமிலத்தில் போட்டு, உருவம் மெல்ல மெல்லக் கருத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் ஹைப்போவில் நிலைநிறுத்தி, பலமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே வகுத்த முறை இது.

இதே காலத்தில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி எடுக்கும் முறையும் வந்துவிட்டது. அதில் படம் இன்னும் துல்லியமாக வரும். ஆனால் தட்டு ஈரமாக இருக்கும்போதே எடுத்து, உடனே டெவலப் செய்தாக வேண்டும். சுடுகாற்று வீசும் கோயில் வெளியில் அது நடக்கிற காரியமா? மெழுகுத் தாளையோ முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எடுத்த பிறகும் கூடாரத்துக்குத் திரும்பி நிதானமாகக் கழுவலாம். பயணிக்கு ஏற்றது இதுதான். அதற்கும் நம் ஊர் வெயிலில் சோதனை உண்டு. மெழுகு இளகும், ரசாயனம் கெடும், குளத்துத் தண்ணீரில் கலந்திருப்பது என்னவென்று கழுவின பிறகுதான் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் வசதியும் நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. டிரைப்பின் பெரிய நெகட்டிவ்கள் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அந்தத் தாள் உள்ளே போகிற அளவுக்குக் கேமராவும் ஒரு பெட்டியாக இருந்தாக வேண்டும்! அதோடு முக்காலி, லென்ஸ், கூடாரம், அமிலச் சீசாக்கள், தட்டுகள். அத்தனையும் மாட்டு வண்டியில்.

இன்னொரு தொல்லை வானம். அன்றைய ரசாயனங்களுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகத் தெரியும். பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறைய குருடு. கோபுரத்தின் நுணுக்கம் விழும்வரை காத்திருந்தால் வானம் அளவுக்கு மீறி ஒளிபட்டு, பிரிண்டில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மரங்களோ கரும்புள்ளிகளாக நிற்கும். டிரைப் இதற்கு ஒரு கைவேலை செய்தார். நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இலைகளுக்கு இடையே வெளிச்சத்தைத் தொட்டு வைத்தார். அவருடைய படங்களில் மிதக்கும் மேகங்கள் பல, அந்த நாளில் அந்த வானத்தில் இல்லாதவை. கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றுவது பற்றி இன்று முகம் சுளிப்பவர்கள், அந்த வேலை புகைப்படத்தின் குழந்தைப் பருவத்திலேயே நடந்ததை மறந்துவிடுகிறார்கள்.

சென்னைப் பதக்கத்துக்குப் பிறகு கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு பர்மா. 1855ல் அமரபுரத்து அரசர் மின்டோனிடம் ஆர்தர் பேர் தலைமையில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். ஓவியர் ஒருவரும் குழுவில் இருந்தார், புகைப்படக்காரராக டிரைப். மழை, உடல்நலக் குறைவு, ராஜாங்கச் சடங்குகள் எல்லாம் போக வேலை செய்யக் கிடைத்தது 36 நாள் என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட பெரிய நெகட்டிவ்கள். பெங்களூர் திரும்பி அதில் 120ஐத் தேர்ந்து, 50 தொகுதிகளாகப் பிரிண்ட் போட்டார். ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் வெயிலில் தனித்தனியாகக் காட்டி எடுத்தது.

இதன் விளைவாக, 1856ல் சென்னை அரசாங்கம் அவரை மாகாணத்தின் புகைப்படக்காரராக நியமித்தது. கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் ஆதரவு அதற்கு இருந்தது. தொல்பொருள் அறிஞர், கட்டடக் கலைஞர், சிற்பி, வரலாற்றாசிரியர் ஆகியோருக்குப் பயன்படக்கூடியவை அழியுமுன் அவற்றைப் படத்தில் பதிந்துவிட வேண்டும் என்பதே தன் வேலை என டிரைப் வகுத்துக்கொண்டார். பொழுதுபோக்கு உத்தியோகமாயிற்று. இந்த மாற்றம்தான் பின்னால் அவருக்கு வினையாகவும் முடிந்தது.

1857 டிசம்பர் நடுவில் பெங்களூரிலிருந்து வண்டிகள் புறப்பட்டன. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் அடங்கியிருக்கவில்லை. தெற்கே ஓர் அதிகாரி கோயில்களைப் படம் பிடிக்கப் போகிறார். ராயக்கோட்டை வழியாக இறங்கி, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று நாலரை மாதப் பயணம். திரும்பியபோது 1858 ஏப்ரல் முடிந்திருந்தது. திருச்சிக்கு ரயில் வர இன்னும் நான்கு ஆண்டு இருந்த காலம் அது. இன்று பேருந்துகளும் வீடுகளுமாக இருக்கும் கே.கே. நகர்ப் பக்கமெல்லாம் அப்போது ஊருக்கு வெளியே. ஊர் என்றால் மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் அவற்றைச் சுற்றியிருந்த தெருக்களும்தான்.

மலைக்கோட்டை டிரைப் போன்றவருக்கு வாகாக அமைந்த பொருள். சமவெளியில் தன்னந்தனியாக 83 மீட்டர் எழுந்து நிற்கும் பாறை. எந்தத் திசையில் முக்காலியை ஊன்றினாலும் படத்தின் நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பாறை அசையாது, ஆகவே நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்கலாம். பட்டாளத்துப் பயிற்சி கைகொடுத்தது இங்கேதான். ஒரு கோட்டையை எங்கிருந்து பார்த்தால் அதன் அமைப்பு முழுதும் விளங்கும், எந்த நேரத்து வெயிலில் மேடுபள்ளம் தெரியும் என்று கணிப்பது போர்வீரனின் கண். வேலைக்கும் கலைக்கும் சம்பந்தமே இல்லை என்று மேலோட்டமாகத் தோன்றும். படங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து, பிறகு நெருங்கி, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று ஓர் இடத்தை வளைத்துப் பிடிக்கும் ஒழுங்கு அவருடைய எல்லாத் தொகுப்புகளிலும் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் வேறு கதை. ஏழு திருச்சுற்று, 21 கோபுரம், 156 ஏக்கர். எங்கே நின்றாலும் கோயில் முழுதாகத் தெரியாது. கருவறைப் பக்கம் வெள்ளைக்காரருக்கு அனுமதி கிடையாது. எனவே வெளிச்சுற்றுகளும் மண்டபங்களும்தான் படமாயின. கோபுர வாசலுக்கு உள்ளே இருக்கும் மண்டபத்தை எடுத்த படம் அவற்றில் குறிப்பிடத்தக்கது. தூண்கள் வரிசையாக உள்நோக்கிச் செல்ல, நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழுகின்றன. தெற்கே இன்று 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தை அந்தப் படங்களில் தேடினால் கிடைக்காது. அவர் வந்தபோது அது நாயக்கர் காலத்தில் பாதியில் விடப்பட்ட கல் அடித்தளம் மட்டுமே. கட்டி முடித்துக் குடமுழுக்கு நடந்தது 1987 மார்ச்சில்.

படங்களில் குறை ஒன்று உண்டு. அதை ஸ்ரீரங்கத்துக்காரர் யாரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்: ஆளே இல்லை. பூக்காரி இல்லை, பிரசாதம் வாங்க நிற்பவர் இல்லை, வீதியில் திரியும் மாடுகூட இல்லை. இதற்குப் பாதிக் காரணம் நீண்ட நேர ஒளிபாய்ச்சல். நடமாடுபவர்கள் படத்தில் பதியாமல் கரைந்துவிடுவார்கள். சில இடங்களில் மங்கலான புகைபோல் மட்டும் தெரிவார்கள். மறுபாதி, படம் பிடித்தவரின் நோக்கம். அழியக்கூடிய பழங்கட்டடங்களின் பதிவு என்று கிளம்பியவருக்கு, தினமும் ஆறு கால பூஜை நடக்கும் கோயிலும் ஒரு பாழடைந்த கோட்டையும் ஒன்றுதான். கல்லை இவ்வளவு அன்போடு பார்த்த கண், அந்தக் கல்லைச் சுற்றி வாழ்ந்தவர்களைப் போதுமான அளவு பார்க்கவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் இடிபாடு, தெப்பக்குளம் ஆகியவற்றோடு, கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு எழுப்பிய விளக்குத் தூணையும் அவர் எடுத்தார். ஆட்சியின் கண்ணுக்கு அதுவும் ஒரு சின்னம்தானே.

இந்தப் பயணத்தின் உச்சம் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டியிருக்கும் கல்வெட்டுகளை முழுதாகப் பதிய டிரைப் முடிவெடுத்தார். ஒரே சட்டத்தில் அடங்குகிற காரியமில்லை. கேமராவைச் சுவருக்கு இணையாக, ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்துக்கொண்டே போனார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருள். வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் திறந்தவெளியில், விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி இதைச் செய்வது இன்றைக்கும் எளிதல்ல. அந்த எழுத்துகளை அவரால் வாசிக்க முடியாது. கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்று அந்தக் கல்வெட்டுகளை ஆராய்ந்து கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் நிறுவியதே பல ஆண்டுகள் கழித்துத்தான். அர்த்தம் தெரியாமலேயே படி எடுத்திருக்கிறார். அவருடைய படங்களிலேயே வியப்புக்குரியது எது என்று கேட்டால் இந்தச் சுருளைத்தான் சொல்ல வேண்டும்.

1858லேயே தொகுப்புகள் வெளிவந்தன. மதுரைக்கு நான்கு பாகம். ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை-திருவையாறு, புதுக்கோட்டை, ராயக்கோட்டை ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் வைத்து, கருவியில் பார்த்தால் ஆழத்தோடு தெரியும் இரட்டைப் படங்களும் திருச்சிக்கும் தஞ்சைக்கும் உண்டு. பயணம் முடிந்த கையோடு, சென்னை அருங்காட்சியகத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் படமெடுத்தார். அந்தச் சிற்பங்கள் சில காலத்திலேயே லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன.

டிரைப் தனி மனிதர் அல்ல. ஒரு கூட்டத்தின் முன்வரிசைக்காரர். பம்பாயில் 1854லும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856லும் புகைப்படச் சங்கங்கள் தோன்றின. ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், சிவில் உத்தியோகஸ்தர்கள் அவற்றில் நிறைந்திருந்தார்கள். ஹம்பியின் இடிபாடுகளை 1856ஐ ஒட்டிக் காகித நெகட்டிவில் எடுத்த அலெக்சாண்டர் கிரீன்லாவும் ராணுவ அதிகாரிதான். தாஜ்மகாலைப் பெரிய அளவில் எடுத்த ஜான் மரே ஆக்ராவில் டாக்டர். பின்னாளில் இமயமலைப் படங்களால் புகழ்பெற்ற சாமுவேல் போர்ன், நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்து வேலையை உதறிவிட்டு வந்தவர். சம்பளமும் ஓய்வும் ரசாயனம் வாங்கக் காசும் இருந்தவர்களுக்கே இது கைகூடியது. இந்தியர்கள் அந்தச் சங்கங்களில் மிகச் சிலரே இருந்தனர்.

இவ்வளவு செய்தும் டிரைப்பின் பதவி நிலைக்கவில்லை. 1859ல் ஹாரிஸ் போய், சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். சிக்கனக்காரர். கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா வற்றியிருந்தது. அந்த நிதி நிலைமைக்கு ஒவ்வாத பெரிய ஆடம்பரம் இது என்று டிரெவெல்யன் குறிப்பெழுதி, வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். நிர்வாகி என்ற முறையில் அவர் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேறிய ஒரு கையை, இன்னும் மாகாணத்தில் பாதி இடம் பாக்கி இருக்கும்போது ஒரு தாளில் நிறுத்தியது நமக்கு நஷ்டம். சிதம்பரமும் திருவண்ணாமலையும் அந்தக் கைக்கு வாய்க்கவே இல்லை.

டிரைப் மனமுடைந்து போனார். கேமராவைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டார். 1870ஐ ஒட்டிப் பர்மாவில் பணியிலிருந்தபோது எடுத்த ஒரு சிறு தொகுப்பு மட்டும்தான் அதற்குப் பின் தெரிகிறது. விடுப்பில் சொந்தக் காசில் ஹளேபீடுக்குப் போனபோது இருந்த உற்சாகம், அரசாங்கம் கொடுத்து அரசாங்கமே பறித்தபின் திரும்பவில்லை. பட்டாள உத்தியோகத்தில் மட்டும் படிப்படியாக உயர்ந்து, கௌரவ மேஜர் ஜெனரலாக 1870களில் ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் போய்ச் சேர்ந்தார். 1902ல் அங்கேயே காலமானார். அந்தப் படங்களை எடுத்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆனபின், 2014ல் தொடங்கி வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் அவருடைய படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தன. ஸ்ரீரங்கத்துத் தூண்களும் தஞ்சைக் கல்வெட்டுச் சுருளும் அங்கே இடம்பெற்றன.

இந்தப் படங்களைப் பார்க்க இன்று லண்டன் போக வேண்டியதில்லை. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் மெட்ரோபாலிட்டனும் தங்களிடமுள்ள டிரைப் படங்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கின்றன. கே.கே. நகரில் ஏறிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் தெப்பக்குளம் நடக்கிற தூரம். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஒரு காலை வேளை, அவருடைய படத்தை செல்போனில் வைத்துக்கொண்டு அவர் முக்காலி ஊன்றிய இடத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள், ஆட்களோடு சேர்த்து.